"இருக்கு" முதலாளி

ருவான்வெல்லை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, சலூனுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றது அந்த மளிகைக்கடை. அதில் என்னென்ன சாமான் இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என்ன இல்லை என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. அந்தக் கடைக்காரர் வாயிலிருந்து "இல்லை" என்ற சொல் வந்து காதால் கேட்ட ஆள், எங்கள் ரப்பர் தோட்டத்தில் லயம் லயமாக, ஒவ்வொரு வீட்டு வரிசையாகத் தேடினாலும் கிடைக்க மாட்டார்.

"மாமா, கற்பூரம் இருக்கா?"

"இருக்கு பாப்பா."

"திரிநூல்?"

"இருக்கு."

"ஒட்டகப் பால்?" இது என் அண்ணன். அவனுக்குக் கொழுப்பு.

"இருக்கு தம்பி. நாளைக்கு வந்துரும்."

அண்ணன் நாளைக்குப் போகவில்லை. போயிருந்தால் அந்த மனிதர் என்ன செய்திருப்பாரோ, எனக்கு இன்றைக்கும் யோசனையாகத்தான் இருக்கிறது.

"இருக்கு" என்று சொன்ன கையோடு கல்லாவை விட்டு எழுந்திரிப்பார். "செத்த ஒக்காருங்க, உள்ளுக்க இருக்கு, எடுத்தாறேன்" என்று பின்பக்கம் போவார். பின்கதவு கிரீச்சிடும். அந்தக் கதவுக்கு அப்பால் கிணற்றடி, கிணற்றடிக்கு அப்பால் வேறொரு முதலாளியின் கடை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே ஓடி, கேட்ட சாமானை வாங்கி, திரும்பி ஓடிவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நம் முன்னால் வைப்பார். வாங்கின விலைக்கே கொடுப்பார். அப்படி ஓடி அவருக்கு என்ன மிஞ்சியது என்று நீங்கள் கேட்கலாம். அவர் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு, உங்கள் வீட்டிலும் இருக்கும். அரிசிப் பானை காலியானால் "தீர்ந்துபோச்சு" என்று சொல்லக் கூடாது, "நிறைஞ்சிருக்கு" என்று சொல்ல வேண்டும். வெளியே கிளம்புகிறவன் "போறேன்" என்றால் அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள், "வாறேன்" என்று சொல்ல வேண்டும். கடைக்காரர்களிடம் இது இன்னும் கறார். லட்சுமி உட்கார்ந்திருக்கிற இடத்தில் "இல்லை" என்று சொன்னால் அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள். அதனால் மற்ற முதலாளிமார் எல்லாம் "நாளைக்கு வாங்க", "சாமான் வந்துக்கிட்டிருக்கு" என்று எதையாவது சொல்லி ஆளை அனுப்பிவிடுவார்கள். வாயில் அந்தச் சொல் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் அவர்களுக்கு. இவருடைய அப்பாவும் கடையில் உட்கார வைத்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுத்தாராம். ஆனால் மகன் அதை அரைகுறையாகப் பிடிக்கவில்லை, முழுசாகப் பிடித்துக்கொண்டார். இருக்கு என்று சொல்லிவிட்டால் அது இருந்தாக வேண்டும்.

சிங்களத்திலும் அதே கதைதான். கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிங்கள ஆட்கள். "முதலாளி, மேக்க தியெனவத?", இது இருக்கா, என்று வாயைத் திறப்பதற்குள் "தியெனவா நோனா, தியெனவா", இருக்கு அம்மா, இருக்கு, என்று எழுந்துவிடுவார். சிங்களத்தில் இல்லை என்பதற்கு "நே" என்று ஒரே ஒரு எழுத்துதான். அந்த ஓர் எழுத்துகூட அவர் நாக்கில் ஏறவில்லை.

என் அம்மா ஒருநாள் கடையில் நின்றுகொண்டு விளையாட்டாகக் கேட்டார். "எதக் கேட்டாலும் இருக்கு இருக்குங்கிறீங்களே அண்ணே, எங்க தங்கச்சிக்கு ஒரு மாப்பிள்ள இருக்கா?"

"இருக்கும்மா."

அம்மா சிரித்துவிட்டுப் பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மறந்தும் போனார். கடைக்காரருக்குத்தான் தூக்கம் போச்சு. தீபாவளியன்று காலையில்கூட கடைக் கதவில் ஒரு பலகையைத் திறந்து வைக்கிற மனிதன், அடுத்த வாரம் கடையைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவருக்குச் சொந்தக்காரர்கள். திரும்பி வரும்போது கூடவே எண்ணெய் வழிய வாரின தலையும் கூச்சமுமாக ஒரு வாலிபன். தொழிற்சாலையில் வேலை, கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. நேரே எங்கள் லயத்து வாசலுக்குக் கூட்டிவந்து நிறுத்தி, "இந்தாம்மா, இருக்குன்னேன்ல" என்றார்.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சித்திக்கு என்னவோ பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் சித்தப்பா, "மளிகைக்கடையில வாங்கின மாப்பிள்ளைக்கு இதுக்கு மேல மரியாத கெடைக்குமா" என்பார். சித்தி உடனே, "மாத்திக் குடுப்பாரான்னு கேட்டுப் பார்க்கவா?" என்பாள்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நாட்டில் சண்டை மும்முரமாக இருந்த காலம் ஒன்று உண்டு. தமிழ் வீடென்றால் போலீஸ் வந்து கதவைத் தட்டும். வெளியாள் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று கேட்கும். அதற்கு எல்லாத் தமிழ் வீட்டிலும் ஒரே பதில்தான், யாரும் இல்லை. கிணற்றடியை ஒட்டின இவர் வீட்டுக் கதவையும் தட்டினார்கள். "வெளியாட்கள் இருக்கிறார்களா?"

"இன்னவா மாத்தயா," என்றார். இருக்காங்க ஐயா.

அவ்வளவுதான். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பரண், கட்டிலடி, நெல்லு மூட்டை, கோழிக்கூடு. அவர் மனைவி, எங்கள் அத்தை, கையில் அகப்பையோடு சுவரில் சாய்ந்து நின்றாராம். ஒருத்தரும் அகப்படவில்லை. "எங்கே அந்த ஆள்?" என்று போலீஸ் பெரியவர் அதட்டினார். இவர் ஒரு கணம் திருதிருவென்று முழித்துவிட்டு, பின்கதவைத் திறந்துகொண்டு ஓடி, கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்த தபால்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். மாத்தறையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த சிங்களத் தபால்காரர். "இவரு வெளியூருதான் மாத்தயா."

சோப்பு நுரையோடு நின்ற தபால்காரரைப் பார்த்துப் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை வந்தது. வராமல் போயிருந்தால் நான் இதை இந்தக் குரலில் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அவர்கள் போன பிறகு அத்தை போட்ட சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்டது. "இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்கிற முத்தா கொட்டிப்புடும்?"

"கேட்டு வந்தவங்க வெறுங்கையோட போகணுமா?"

"போலீசு வெறுங்கையோட போனா ஒங்களுக்கு என்னாங்க நட்டம்?"



பிறகு ரோட்டை அகலமாக்குகிறோம் என்று வந்தார்கள். சலூன் தப்பியது, மருந்துக்கடை தப்பியது, நடுவில் இருந்த கடை போய்விட்டது. புது இடம் பிடிக்க வசதியில்லை. நான் அப்போது படிப்பை முடித்துவிட்டுக் கொழும்பில் ஒரு சுற்றுலாக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் தட்டுத் தடுமாறாமல் வரும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் அத்தை டெலிபோன் எடுத்தார்.

"பாப்பா, ஒங்க மாமாவுக்கு எதாச்சும் வேல பாத்துக் குடும்மா. நாள் முழுக்க வீட்டுல ஒக்காந்துக்கிட்டு எங்கிட்ட வந்து, ஒனக்கு எதாச்சும் வேணுமா, வேணுமாங்கிறாரு. எனக்கு என்னா வேணும்? நிம்மதிதான் வேணும்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அடுத்த பேச்சில் அத்தை குரல் இறங்கிவிட்டது. "சாப்புடுறதில்ல பாப்பா. காலையில எந்திரிச்சு, கட இருந்த எடத்துல போயி நிக்கிறாரு. ரோட்டுல நிக்கிறாரும்மா, வண்டி வாகனம் போற எடத்துல. கேக்க ஒரு ஆளு இல்லாம மனுசன் பாதியாப் போயிட்டாரு." எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. இந்த மனிதருக்கு வேண்டியது சம்பளம்கூட இல்லை, எதையாவது கேட்டு வருகிற நாலு பேர் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அது கிடைக்காவிட்டால் ஆள் தங்க மாட்டார்.

அது சண்டை ஓய்ந்திருந்த சமயம். கொழும்புத் துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. காலையில் கப்பல் வரும், வெள்ளைக்காரப் பயணிகள் இறங்குவார்கள், ஒரு பஸ்ஸில் ஏற்றி எங்காவது பழங்காலத்து இடம் ஒன்றைக் காட்டி, சாப்பாடு போட்டு, சாயந்திரம் கப்பல் கிளம்புவதற்குள் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். பஸ்ஸோடு போகிற பொறுப்பு என்னுடையது. அநுராதபுரம் போய் வர நேரம் போதாது என்று, மேனேஜர் கேகாலைப் பக்கம் ஓர் இடம் பிடித்திருந்தார். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பாறைக்குன்று, அதன் உச்சியில் பழைய ராஜா ஒருவரின் மாளிகை. மாளிகை என்று பெயர்தான். பாறையில் வெட்டின படிகள், சாய்ந்து கிடக்கும் கல்தூண்கள், பாசி பிடித்த ஒரு சின்னக் குளம், புல்லுக்குள் மறைந்த அஸ்திவாரம். மேலே ஏறிக் காட்டுவதற்கு உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது, என் வாய் சும்மா இருக்குமா? மாமாவைச் சொல்லிவிட்டேன்.

முதல் கப்பல் நாளில் வந்து நின்றார் பாருங்கள். வேட்டியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், கால்சட்டை, கறுப்புச் சப்பாத்து, யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கின சிவப்பு டை. இங்கிலீஷ் அவருக்குக் கடைக் கணக்கு அளவுக்குத்தான் வரும்.

வேறு கம்பெனிகளுக்காக அந்த இடத்தைக் காட்டினவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் காட்டினார்கள். இங்கே ராஜா படுத்தார், இப்போது ஒன்றும் இல்லை. இங்கே மண்டபம் இருந்தது, இப்போது ஒன்றும் இல்லை. வெயிலில் ஏறி வந்த கிழவிகள் அந்த ஒன்றும் இல்லையைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மாமாவால் அப்படிச் சொல்ல முடியுமா? அவர் அஸ்திவாரக் கல்லின் மேல் நின்றுகொண்டு கையை வீசினார். "ஹியர் கிங் பெட்ரூம். பெட் ஹேவ். விண்டோ ஹேவ். கம், கம்." எல்லோரும் புல்வெளியில் நடந்து போனார்கள். ஒரு பருத்த மனிதர் குறுக்கே நடந்துவிட்டார். மாமா பதறிப்போய், "சார்! வால்! வால் ஹேவ்!" என்று கத்தினார். அந்த மனிதர் திடுக்கிட்டு நின்று, இரண்டடி பின்னால் வந்து, மாமா காட்டின இடத்தில் இருந்த இல்லாத வாசல் வழியாக உள்ளே போனார். அவருக்குப் பின்னால் வந்த உயரமான அம்மா தலையைக் குனிந்துகொண்டு போனார். நிலை தட்டிவிடுமாம்.

அதற்குப் பிறகு அவர்களைப் பிடிக்க முடியவில்லை. சமையல்கட்டு இருக்கா? ஹேவ். மந்திரி உட்காரும் இடம் இருக்கா? ஹேவ். ராணிக்குத் தனி வாசல் இருக்கா? ஹேவ் மேடம், ராணி ஆங்ரி டோர், பின்பக்கம் ஹேவ். எனக்குச் சரித்திரம் அவ்வளவு தெரியாது, ஆனால் ராணி கோபித்துக்கொண்டு போகிற கதவு எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்று மட்டும் தெரியும். கீழே இறங்கி வந்தபோது எல்லோர் முகத்திலும் ஒரு பெரிய வீட்டுக்கு விருந்துக்குப் போய்வந்த களை இருந்தது.

இடைஞ்சலும் உண்டு. "பாம்பு இருக்கா?" என்று ஒரு அம்மா பஸ் படியில் நின்றபடி கேட்டார். "ஹேவ் மேடம். மெனி ஹேவ்." அந்த அம்மா அன்றைக்கு முழுக்கப் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. கழிப்பறை இருக்கா என்று கேட்டபோதும் ஹேவ். குன்றடியில் ஏது கழிப்பறை? மாமா சப்பாத்தோடு ஓடி, காவல்காரர் வீட்டில் ஆளை எழுப்பி, கழுவி, வாளியில் தண்ணீர் வைத்து, வாசலில் ஒரு செம்பருத்திப் பூவையும் சொருகிவிட்டு வந்து, "பிளீஸ்" என்றார்.

அத்தை டெலிபோனில் சொன்னார்: "நல்லாச் சாப்புடுறாரு பாப்பா. தூக்கத்துலயும் ஹேவ் ஹேவ்ங்கிறாரு."

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். மூன்றாவதோ நான்காவதோ கப்பல். பஸ்ஸில் வைக்கோல் தொப்பி போட்ட ஒரு வயசாளி வந்திருந்தார், தனி ஆள், அதிகம் பேசாதவர். மேலே ராஜாவின் படுக்கையறையில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருந்தவர், மாமாவிடம் மெதுவாகக் கேட்டாராம், "இறங்க வேறு வழி இருக்கிறதா?"

"ஹேவ் சார்."

வழி இருந்ததென்னவோ உண்மைதான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் ஏறி இறங்குகிற ஒற்றையடிப் பாதை, குன்றின் அந்தப் பக்கம், நேரே தோட்டத்துக்குள் இறங்கும். மாமா கையால் காட்டிவிட்டு, அடுத்து ஒரு அம்மா மயில் இருக்கா என்று கேட்டதற்கு ஹேவ் சொல்லப் போய்விட்டார். வயசாளி அந்தப் பாதையில் இறங்கிவிட்டார்.

கீழே பஸ்ஸில் ஆள் எண்ணினேன். ஒருவர் குறைந்தார். மறுபடி எண்ணினேன், குறைந்தார். டிரைவரையும் அழைத்துக்கொண்டு மேலே ஏறினேன். பஸ்ஸுக்குக் காவல் மாமா. டிரைவர் தன் கைத்தொலைபேசியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மேலே ஒருவரும் இல்லை. நான் திரும்பி இறங்கும்போது மாமா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்கிறார். "ஹேவ் சார். ஆல் ஹேவ். தேங்க் யூ சார்."

"யாரு மாமா?"

"கப்பல் ஆபீசு. எல்லாரும் இருக்காங்களான்னு கேட்டாங்க. இருக்காங்கன்னு சொன்னேன்."

தலையில் கையை வைத்துக்கொண்டேன். "ஒருத்தரக் காணோம் மாமா! அதச் சொல்லியிருந்தா அவருக்குன்னு ஒரு காரு அனுப்பியிருப்பாங்க. நான் மத்தவங்களக் கூட்டிக்கிட்டுக் கெளம்பியிருப்பேன். இப்ப ஒருத்தருக்காக எல்லாருக்கும் கப்பல் போயிரும்!"

"அவரும் இருக்காரு பாப்பா."

"எங்க இருக்காரு?"

"எங்கயோ இருக்காருல்ல? உசுரோட இருக்கிற மனுசன், இருக்காமயா போயிருவாரு?"

அந்த நிமிஷத்தில் அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். தொலைபேசியைப் பிடுங்கி எடுத்தால், ரப்பர் மரத்துக்கு நடுவில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது, லைன் கிடைக்கவே இல்லை. பஸ்ஸுக்குள்ளிருந்து வெள்ளைத் தலைகள் ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு வெளியே நீண்டன. ஆறு மணிக்குக் கப்பல். நான் வாயில் வந்ததைச் சொன்னேன். "ஒங்களுக்கு வேல வாங்கிக் குடுத்த என்னச் செருப்பால அடிக்கணும் மாமா. இனி ஒங்களுக்கும் வேல இல்ல, எனக்கும் வேல இல்ல."

அவர் முகம் சுண்டிப்போனது. கடை இருந்த இடத்து ரோட்டில் நின்றதாக அத்தை சொன்னாரே, அந்த முகம் இதுதானென்று எனக்குத் தெரிந்தது. குனிந்து சப்பாத்தைக் கழற்றினார், டையை முதுகுப்பக்கம் தள்ளினார், கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். அப்புறம் ஓடினார் பாருங்கள். அந்த வயசில், அந்த வயிற்றோடு, பாறைப்படியில் தாவித் தாவி ஏறி உச்சியைத் தாண்டி மறைந்துவிட்டார்.

வெகுநேரம் கழித்துப் பால் வெட்டுகிற ஓர் ஆள் மூச்சிரைக்க இறங்கி வந்தார். "அக்கா, ஆளு கெடைச்சிருச்சு. பஸ்ஸ ருவான்வெல்ல ரோட்டு முச்சந்திக்குக் கொண்டாரச் சொன்னாரு முதலாளி."

வயசாளி கிடைத்த இடம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. அம்மாக்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற அந்தக் கூடத்தில், பாயின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாராம். மடியில் ஒரு பிள்ளை தூக்கம். இன்னொன்று வைக்கோல் தொப்பியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. ஒரு கையில் சாயத்தண்ணி என்கிற பால் விடாத டீ, ஒரு கையில் பிஸ்கட். மாமா போய் நின்றதும் பிள்ளைக்காம்பரா ஆயா சண்டைக்கு வந்துவிட்டாள். "இந்த வெள்ளக்காரத் தாத்தாவ யாருய்யா இங்க வுட்டுட்டுப் போனது? பேரச் சொல்லு, பதிவு பண்ணணும்!"

முச்சந்தியில் நாங்கள் காத்து நின்றோம். தோட்டத்து டிராக்டர் தடதடவென்று வந்தது. பெட்டியில் ரப்பர் பால் பீப்பாய்களுக்கு நடுவே வயசாளி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சேறும் சகதியுமாக மாமா, அவர் விழுந்துவிடாமல் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பு வரை அந்த டிரைவர் ஓட்டின ஓட்டத்தை நான் சொல்ல மாட்டேன், அவருக்குக் குடும்பம் இருக்கிறது. கப்பல் ஏணியைத் தூக்கக் கை வைத்த நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். எல்லோரும் ஏறிவிட்டார்கள். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அந்த வயசாளிக்கு அன்றைக்குத்தான் வாழ்நாளிலேயே மிக நல்ல நாளாம். கப்பலில் சும்மா இருக்க முடியுமா? அன்று சாப்பாட்டு மேசையிலேயே எல்லோருக்கும் கதை சொல்லியிருக்கிறார். தான் தொலைந்தது, பிள்ளைகளோடு சாயத்தண்ணி குடித்தது, டிராக்டர், பீப்பாய், எல்லாம். சந்தோஷத்தில் சொன்ன கதை கப்பல் அதிகாரி காதுக்குப் போய், அவரிடமிருந்து கப்பல் ஆபீசுக்குப் போய், எல்லோரும் இருக்கிறார்கள் என்று உங்கள் ஆள் சொன்னாரே என்று எங்கள் மேனேஜரிடம் வந்து நின்றது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வைத்து மேசையில் ஓங்கிக் குத்தினார். அந்த ஆள் இனி நம் பஸ் பக்கமே வரக்கூடாது. தீர்ந்தது பேச்சு.

மாமாவிடம் அதைச் சொல்ல வேண்டியது நான். சொல்லவில்லை. டெலிபோனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். அத்தை எடுத்தால் ஆபீசில் ஆள் இல்லையென்று சொல்லச் சொன்னேன். மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஏலாது மாமா. இல்ல மாமா. இனி வேணாம் மாமா.

ஒருநாள் காலையில் ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு அவரே வந்து நின்றார். முதல் பஸ்ஸுக்கு ஏறியிருக்கிறார். அதே கால்சட்டை, கஞ்சி போட்ட சட்டை, புதுசாக ஒரு நீல டை. கையில் அத்தை கொடுத்துவிட்ட முறுக்குப் பொட்டலம். எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். ஆபீஸ் நல்லாருக்கு என்றார். குளிரா இருக்கு என்றார். முறுக்கை நகர்த்தி வைத்தார். அப்புறம் மேசையைப் பார்த்தபடி கேட்டார்.

"அடுத்த கப்பலு வருதாமே பாப்பா. டிரைவர் தம்பி சொன்னாரு. நமக்கு... எதாச்சும் இருக்கா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்டு நான் பார்த்ததே இல்லை. எல்லோரும் அவரிடம் கேட்கிற கேள்வி அது. கேட்கிற பக்கம் நிற்கத் தெரியாமல், கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தார். சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்த பதில் தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தேன்.

"இருக்கு மாமா," என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் எனக்கே பகீர் என்றது. எழுந்து மேனேஜர் அறைக்குள் போனேன். உள்ளே நடந்தது முழுவதும் சிங்களத்தில், அதில் பாதி எழுதக் கூடியதில்லை. அவர் கத்தினார், நானும் கத்தினேன். அந்த இடத்தைப் பார்த்து வந்த பயணிகள் இதுவரை ஒருவராவது முகம் சுளித்தார்களா என்று கேட்டேன். தொலைந்த ஆளைத் தேடிக்கொண்டு வந்தவரும் அவர்தானே என்று கேட்டேன். கடைசியில் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "சரி. அந்த ஆளால் இன்னொரு தடவை ஒரு சின்னப் பிரச்சினை வரட்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போவது அவர் இல்லை, நீ. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு மாசாமாசம் நான் அனுப்புவதில்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

முகத்தைக் கழுவி, தலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன். அவர் உட்கார்ந்த இடத்திலேயே அசையாமல் இருந்தார். அந்த அறைக்குக் கதவு இருந்தது, ஆனால் சத்தத்தைத் தடுக்கிற கதவு இல்லை; உள்ளே நடந்தது அத்தனையும் அவருக்குக் கேட்டிருக்கும்.

"வியாழக்கிழமை காலையில குன்றடிக்கு வந்துருங்க மாமா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நெசமாவே இருந்துச்சா பாப்பா? இப்ப போயி எடுத்தாந்தியா?"

"இருந்துச்சு மாமா."

அவருடைய கண் கலங்கிவிட்டது. நீல டையின் நுனியால் அதைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"எங்கிட்டயேவா?" என்றார்.